அயனி பட்ட கண்ணாடித் துண்டு

12 ஆகஸ்ட், செவ்வாய்

நாளைக் காலை அளக்க வேண்டிய கண்ணாடித் துண்டை ஆய்வகத்திலிருந்து கைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தது என் தப்புதான். நான் உடை மாற்றி வருவதற்குள் பாப்பா டப்பாவைத் திறந்து அதைக் கையில் வைத்திருந்தாள். பிடுங்கிவிட்டு அவள் கையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தார்.

"ரேடியேஷன்ல வச்ச கண்ணாடிய வூட்டுக்கா எடுத்தாந்த?"

"இல்லைங்க, கண்ணாடிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உருண்டையா இருந்த தங்கத் துகள், மெஷின்ல வேகமாப் பாய்ச்சின அயனி, அதாவது மின்னேற்றம் உள்ள அணு, பட்டு நீளமாயிருக்கும். கண்ணாடியோட நெறம் மாறும், அவ்ளோதான். கதிர்வீச்சு மீட்டர் வச்சுப் பார்த்துட்டுதான் லேப்ல குடுத்தாங்க. ஒண்ணும் பண்ணாது."

"அப்போ இன்னாத்துக்கு மூணாவது வாட்டி சோப்பு போடுற?"

பாப்பா தூங்கிய பிறகு அவள் விரல்களை ஈரத்துணியால் இன்னொரு முறை துடைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.