முதல் பாலை ஊற்றியது யார்?

12, செவ்வாய்

விடிந்ததும் மழை நின்றது. பாதை முழுக்கச் சேறு. சுவா ஊருக்கு உள்ளே, தோட்டத்துச் சுடுகாட்டில் நேற்று அப்பாவை அடக்கம் செய்தோம். இன்று பால் ஊற்றப் போனால், யாரோ முன்பே ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். மண்மேட்டில் இன்னும் வெள்ளையாக.

பெற்ற பிள்ளை ஊற்ற வேண்டியது. பிள்ளைகள் நானும் அண்ணனும்தான். பிறகு யார்?

அண்ணன்: "அப்பா தொழிலாளர் சங்கத் தலைவர்லா. எவனாச்சும் பாசத்துல ஊத்திருப்பான், விடு."

பாசம் இருந்தால் மாலை போடுவான். பாலா ஊற்றுவான்?

13, புதன்

கருமாதிக்கு: பந்தல், வாழையிலை, பண்டாரம், நாற்காலி 200.

பத்திரிகைக்காரர் போட்டோ கேட்டார். 'தோட்டப்புறச் சிங்கம்' என்று போடுவாராம். சிங்கத்துக்குத் தன் சட்டை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அந்தச் சட்டையை மடிக்கும்போது அழுதுவிட்டேன்.

மாலை சுடுகாட்டுக் காவலாளியை விசாரித்தேன். "கோலா கிளாவாங் லோரிக்காரன்மா. மொட்டை அடிச்சிருந்தான்."

அண்ணனே கருமாதிக்குத்தான் மொட்டை அடிக்கப்போகிறான். இவன் யார் முந்திக்கொள்ள?

மாதா மாதம் கோலா கிளாவாங் போவார் அப்பா. சங்கக் கூட்டமாம். நல்ல கூட்டம்!

15, வெள்ளி

அந்த மொட்டை வீட்டுக்கே வந்துவிட்டான். பெயர் மணியம், நாற்பத்தைந்து இருக்கும். "யாரு நீங்க?" என்றேன். அடையாள அட்டையை, ஐசியை, எடுத்து நீட்டினான். தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் எங்கள் அப்பா பெயர்.

அண்ணன் கையை ஓங்கிவிட்டான். அதற்குள் உள்ளிருந்து அம்மா: "மணியமா? சாப்டியாப்பா?"

அட, இவளுக்கும் தெரியுமா!

மணியம் சொன்னது: "எங்கப்பா யாருன்னு எங்கம்மா கடைசிவரைக்கும் சொல்லல. சூராட் பெரானாக், பொறப்புப் பத்திரம், இல்லாம ஸ்கூல்ல சேக்க மாட்டேன்னுட்டாங்க. தலைவர் தன் பேரையே அப்பான்னு பதிஞ்சு சூராட் எடுத்துக் குடுத்தாரு. அந்தப் பேருக்காகத்தான் பால் ஊத்தினேன். தப்பா?"

கதை நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்கும் பேசத் தெரியும், இவனுக்கும் தெரிகிறது. அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா காது மாதிரி இருக்கிறது. இல்லாதது போலவும் இருக்கிறது. சீ, என்ன பிழைப்பு இது.

16, சனி

தூக்கமில்லை. காலை அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கருமாதிக்கு மணியத்தையும் அண்ணன் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உண்மையச் சொல்லும்மா. அவன் அப்பாவுக்குப் பொறந்தவனா?"

"தெரியாது. நான் கேக்கல."

"இத்தன வருசமாவா?"

"அவரு பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சு போயிரும்டி. அதான் கேக்கல."