பிரிண்டிசித் துறைமுகத்தில் உன்னை நிறுத்தி வைத்த மாலை

நீ போய் முப்பத்தோராம் நாளுக்கு உன் வீட்டார் அச்சடித்த நினைவு மலர் நேற்றுத் தபாலில் வந்தது. பளபளப்பான தாள், அச்சு மையின் வாசம் இன்னும் போகவில்லை. தேவாரங்களையும் உறவினர் பெயர்களையும் தாண்டினால் நடுப்பக்கத்தில் அந்தப் படம். கடலைப் பார்த்து இறங்கும் படிக்கட்டு, உன் பின்னால் உயரமான கற்றூண், நீலக் கோட்டுக்குள் அடங்காமல் பறக்கும் சேலைத் தலைப்பு, வாய் நிறையச் சிரிப்பு. கீழே எழுதியிருக்கிறார்கள்: ‘இத்தாலியில் உல்லாசப் பயணத்தின்போது.’

உல்லாசப் பயணம்! லண்டனில் நான் இருக்கும் கோலியர்ஸ் வுட் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது. உடனே உன் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அன்ரி, அம்மா அதிலை அவ்வளவு ஹப்பியா நிக்கிறா. வேறை ஒரு படத்திலையும் அப்பிடிச் சிரிக்கேல்லை. ஹொலிடே எண்டுதான் நினைச்சன்” என்றான்.

அவன் மேல் என்ன பிழை? நாம் புறப்பட்டபோது தகப்பனின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை. பிறகும் நீ அவனுக்குச் சொல்லவில்லை. படத்தை எடுத்தவள் நான். அந்தச் சிரிப்பு எதற்காக என்று தெரிந்தவள் நான் மட்டுந்தான்.

உன் தம்பி கிரேக்கக் கம்பனி ஒன்றின் சரக்குக் கப்பலில் வேலை செய்தான். எண்பத்துமூன்று இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு நீ லண்டனுக்கு வந்துவிட்டாய், அவன் கடலுக்குப் போய்விட்டான். அவனுக்கு இங்கே வர விசா தரமாட்டார்கள். உனக்கு ஊருக்குப் போக வழியில்லை. அந்த ஆவணியில் அவன் கப்பல் கிரேக்கத்தின் பாத்ராஸ் துறையில் இரண்டு நாள் நிற்கும் என்று எழுதியிருந்தான். ஸ்ட்ரெதமில் நாம் வேலை செய்த முதியோர் இல்லத்தின் சமையலறையில், கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்னை ஈரக் கையோடு பிடித்து உலுப்பினாய். “எடி, நான் அவனைப் பாக்கப் போறன். நீயும் வா. தனியப் போக எனக்குப் பயமாக் கிடக்கு.”

எத்தனை காலை, எத்தனை தூதரக வாசல்! மழையில் நின்றோம். நம் இருவரிடமும் இருந்தது அகதிகளுக்கு இந்த நாடு கொடுத்த பயணப் புத்தகம். எல்லா விசாவும் ஒழுங்காகக் குத்தி வாங்கினோம். விமானத்துக்கு வசதியில்லை என்று ரயிலில் இத்தாலியின் குதிக்கால் வரைக்கும் போனோம். அங்கே பிரிண்டிசியிலிருந்து பாத்ராசுக்கு ஓர் இரவுக் கப்பல். உன் மடியில் அவனுக்கென்று நீ பொரித்த பருத்தித்துறை வடை. பெட்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, “இனி ஒருத்தருக்கும் இல்லை, மிச்சம் அவனுக்கு” என்று பையை இறுகக் கட்டினாய்.

பிரிண்டிசி பழைய துறைமுகம். ரோமர் காலத்தில் இங்கிருந்துதான் படைகள் கிழக்கே கப்பலேறினவாம். சிலுவைப் போருக்குப் போனவர்களும் இதே துறையில்தான் காத்துக் கிடந்தார்களாம். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் இன்னொரு தூண் இருந்து விழுந்ததென்று சுற்றுலாத் தாளில் வாசித்துச் சொன்னேன். நீ கேட்கவேயில்லை. “நாளைக்கு இந்நேரம் அவனோடை நிப்பன்” என்றாய். அப்போதுதான் அந்தப் படத்தை எடுத்தேன்.

மாலையில் கப்பலேறும் வாசலுக்குப் போனோம். முதுகுப் பையும் கித்தாரும் தூக்கிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்களின் கடவுச்சீட்டை ஒருவரும் திறந்தும் பார்க்கவில்லை. மேசையில் சீருடைக்காரன் ஒருவன் இருந்தான், அடர்ந்த மீசை. என் புத்தகத்தைப் புரட்டினான், முத்திரை குத்தினான், போ என்று கையைக் காட்டினான். அடுத்தது உன்னுடையது. அதே புத்தகம், அதே விசா. உன் முகத்தைப் பார்த்தான், மறுபடி புரட்டினான். “இது பாஸ்போர்ட் இல்லை” என்றான்.

“அவளுடையதும் இதுதானே?” என்று என்னைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டாய். அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கண்ணாடிக்குப் பின்னால் இன்னொருவனோடு கோப்பி குடித்தான். நாம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அவன் ஒருவரையும் தொலைபேசியில் அழைக்கவில்லை. எதையும் சரிபார்க்கவில்லை. கோப்பிதான் குடித்தான்! திரும்பி வந்தவனிடம் காரணம் கேட்டாய். கோழியை விரட்டுவதுபோலக் கையை ஆட்டி, மூலையில் இருந்த வாங்கில் போய் இரு என்று காட்டினான். நான் குரலை உயர்த்தியதும், என்னையும் நிறுத்துவேன் என்றான்.

கப்பல் ஊதியது. நீ என் தோளைப் பிடித்துத் தள்ளினாய். “நீ போடி. ரெண்டு பேரும் நிண்டால் தம்பி அங்கை பாத்துப் பாத்து நிப்பான். அக்கா வாறா எண்டு சொல்லு. நான் நாளைக்குக் கப்பலிலை வாறன்.”

“நாளைக்கு வந்தால் அவன்ரை கப்பல் போயிடுமடி.”

“தெரியும். போ.”

வடைப் பையை என் கையில் திணித்தாய். நான் ஏறினேன். துறைமுகத்தின் ஒடுங்கிய வாயைக் கப்பல் கடக்கும்வரை மேல்தட்டில் நின்று பார்த்தேன். எத்தனையோ நூற்றாண்டாக வாளோடும் ஈட்டியோடும் போனவர்களை எல்லாம் ஏற்றி அனுப்பிய துறை, வடைப் பையோடு வந்த உன்னை மட்டும் நிறுத்திவிட்டது. கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகு அந்த மீசைக்காரன் புத்தகத்தைக் கொண்டுவந்து கையில் தந்து, “ஓகே, நாளைக்குப் போ” என்று சிரித்தானாம். புத்தகத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு நீ இதைச் சொன்னபோது, நடந்ததிலெல்லாம் அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த நாள் பாத்ராசில் உன் தம்பி நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட், எண்ணெய் வைத்து வாரிய தலை. என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் இறங்கியவர்களைத்தான் பார்த்தான். கடைசி ஆளும் இறங்கியபின்பு, “நீங்கள் அக்காவின்ரை சிநேகிதியோ? அக்கா எங்கை?” என்றான். சொன்னேன். அப்படியே கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் உட்கார்ந்துவிட்டான்.

பின்னேரம் வரைக்கும் அவனோடு இருந்தேன். வடை முழுவதையும் அவனே சாப்பிட்டான். எனக்கு ஒன்று தரவும் மறந்துபோனான். நீ இப்போது கண்ணாடி போடுகிறாயா, இன்னும் கத்திக் கத்தித்தான் கதைக்கிறாயா என்று கேட்டான். உனக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்துச் சோடியைத் தந்தான். அளவு எப்படித் தெரியும் என்றேன். “அக்காவின்ரை செருப்பைக் கொழுவிக்கொண்டுதானே நான் கிணத்தடிக்குப் போறனான். அவ பேசிப் பேசித் துரத்துவா” என்று சிரித்தான். பிறகு கப்பலுக்குப் போய் இன்னொரு நாள் லீவு கேட்டுப் பார்த்தான். ஏலாது என்றுவிட்டார்கள். போகும்போது மூன்று தரம் திரும்பிப் பார்த்தான். உன்னைப் பார்க்க வேண்டிய பார்வை அது, என்மேல் விழுந்தது.

மறுநாள் நீ வந்து இறங்கினாய். சப்பாத்தைத் தந்து, அவன் இருந்த இடத்தைக் காட்டினேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அவன் உட்கார்ந்த குற்றியில் இருட்டும்வரை இருந்தாய். லண்டனுக்குத் திரும்பியபோது இல்லத்தின் மனேஜர், “எப்படியோ இத்தாலியைப் பார்த்துவிட்டாயே” என்றாள். நீ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். ஒன்றைக்கூட நழுவவிடவில்லை.

அதற்கடுத்த வருடம் அவன் கப்பலை விட்டுவிட்டு அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனான். சந்திக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்தது. செய்தி வந்த அன்று உன் வீட்டு முன்னறையில் சனம் நிறைந்திருந்தது. யாரோ ஒரு பெரியவர் பெருமூச்சு விட்டு, “எல்லாம் விதி, பிள்ளை” என்றார். பெரியவர்களை எதிர்த்து ஒரு சொல் பேசாத நீ எழும்பி நின்றாய்.

“விதி எண்டு சொல்லாதேங்கோ, ஐயா. ஷெல் அடிச்சது ஒரு மனிசன். என்ரை பிள்ளையைப்போல நான் வளத்த தம்பியைக் கடைசியாப் பாக்க விடாமல் செய்ததும் ஒரு மனிசன். அவனுக்கு முகம் இருக்கு, மீசை இருக்கு, இண்டைக்கும் கோப்பி குடிச்சுக்கொண்டு இருப்பான்.”

அந்த நொடியில் உன்மேல் எனக்கு வந்த பெருமை இன்றைக்கும் குறையவில்லை.

பிறகு, கால் வீங்கி வேலையால் வரும் மாலைகளில், “அவன் வந்த விதத்தைச் சொல்லடி” என்பாய். வெள்ளைச் சேர்ட் என்பேன். “கொலர் கசங்கினதோ?” என்பாய். இல்லை என்பேன். நான் களவாகப் பார்த்துவிட்ட ஒன்றை உனக்குத் துண்டு துண்டாகத் தந்ததுபோலிருக்கும். களவு செய்தது நானல்ல என்று இருவருக்கும் தெரியும்.

கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியிலும் கேட்டாய். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, “உனக்குக் கோவம் இன்னும் கிடக்கோ?” என்றாய்.

“ஓம்” என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று உன் கட்டிலுக்கு அந்தப்பக்கம் இருந்த தாதி என்னை முறைத்தாள்; நம் பேச்சு விளங்காவிட்டாலும் என் குரல் விளங்கியிருக்கும்.

நீ என் விரலைப் பிடித்தாய். “அதைப் போக விட்டிடாதை. எனக்கு இப்ப தூக்க ஏலாமல் கிடக்கு.”

விடவில்லை. உன் தம்பியின் அந்தப் பின்னேரத்தையும் இந்தக் கோபத்தையும் சேர்த்தே தூக்கிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் மகனை வரச் சொல்லியிருக்கிறேன்.