பன்னிரண்டு குழி மனையும் ஒரு சாரையும்

5-1-1972

மரநாய் மறுபடியும் வந்திருக்கிறது. பழுத்த பப்பாளியில் ஒரு பக்கத்தை வழித்துத் தின்றுவிட்டு, மறுபக்கத்தை எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறது. காயாரோகணத்தைவிட அது யோக்கியம். பண்ணையார் ஐயாவின் நிலபுலங்களைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் அவர். வந்தால் என் முருங்கையில் ஒரு காய் மிஞ்சாது. கேட்டுப் பறிக்க வேண்டும் என்று யார் சொல்வது? குடைப்பிடியால் கிளையை வளைத்து இழுத்துவிடுவார்.

வைக்கோல் போருக்கு அடியில் இருக்கும் சாரைப்பாம்பு இன்றும் பத்து மணிக்கு வெயில் காய வெளியே வந்தது. நான்கு வருஷமாக நேரம் தவறுவதில்லை. அது வந்த பிறகு எலித் தொல்லை இல்லை, நெல் மூட்டையில் பொத்தல் இல்லை. நானும் அதுவும் ஒருவரையொருவர் கண்டுகொள்வதில்லை. அதனால் சண்டையும் இல்லை.

11-1

விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தங்கையன் வந்தார். குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறதே, அதற்கான விண்ணப்பம். என் வீட்டுக்காரர் வீரையனின் ரேகையையும் (பெயரைச் சொல்லத்தான் கூடாது, எழுதலாம்) வள்ளியம்மை என்ற என் கையெழுத்தையும் வாங்கிப் போனார்.

எங்களுடையது பன்னிரண்டு குழி, நாலு சென்ட் இருக்கும். வாய்க்காலுக்கும் ஐயாவின் தோப்புக்கும் நடுவில் ஒரு கூரை வீடு, கொஞ்சம் கொல்லை. பதினாறு வருஷமாக இங்கேதான் என் அடுப்பு எரிகிறது. ஆனால் மனை ஐயாவின் தயவு. "போ" என்று ஒரு சொல் சொன்னால் சட்டி பானையோடு வாய்க்கால் கரையில் நிற்க வேண்டியதுதான். போன வருஷம் கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்த பூவம்மாள் குடும்பம் அப்படித்தான் நின்றது.

கும்பகோணத்தில் இருக்கும் ஐயா எதிர்மனு போட்டிருக்கிறாராம். இது வீடே இல்லையாம், அவருடைய மாட்டுக்கொட்டகையாம். அப்படியானால் பதினாறு வருஷமாக நான் வைக்கோலா தின்றேன்?

19-1

போச்சு. எல்லாம் போச்சு.

நான் அறுப்புக்குப் போயிருந்த நேரம் பார்த்து வலங்கைமானிலிருந்து அதிகாரி விசாரணைக்கு வந்திருக்கிறார், கூடவே காயாரோகணம். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இது யார் வீடுப்பா?" என்று கேட்டாராம். இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஐயா வீடுங்க" என்றாராம். அதிகாரி எழுதிக்கொண்டார். காயாரோகணம் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தாராம்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"பெரியவங்க கேட்டா வேற எப்படிப் புள்ள சொல்றது? எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு. மரியாதைக்குச் சொன்னேன்" என்கிறார்.

மரியாதைக்கு. மாடு யாருது, ஐயாவுது. வீடு யாருது, ஐயாவுது. நல்லவேளை, பொண்டாட்டி யாருதுன்னு அந்த ஆபீசர் கேக்கல.

20-1

குழம்பில் உப்புப் போடவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றுவிட்டு எழுந்து போனார். அதற்கும் கோபம் வருகிறது.

23-1

கோபம் ஆறிவிட்டது. அவரை மட்டும் சொல்லி என்ன? இந்தப் பொங்கலுக்கு நானும்தான் கும்பகோணம் போய், ஐயா வீட்டு அம்மாவிடம், "உங்க வீட்டுப் பூசணிங்க" என்று நீட்டினேன். விதை என்னுடையது, தண்ணீர் என் இடுப்பில் வந்தது. இருந்தும் வாயில் அப்படித்தான் வருகிறது. அதை நினைத்துச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன்.

தங்கையன் மறுவிசாரணைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். "இந்தத் தடவை நீங்க பேசுங்கக்கா. அண்ணன் வாயே தொறக்க வேணாம்" என்றார். அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

8-2

நாளை காலை ஒன்பதரை மணிக்கு அதிகாரி வருகிறார். வீட்டை மெழுகினேன். ஒரு யோசனை இருக்கிறது. எழுத மாட்டேன்.

9-2

எழுதுகிறேன்.

அதிகாரிக்கு மீரா உசேன் டீக்கடையிலிருந்து பெஞ்சு வாங்கி வந்து நிழலில் போட்டேன். காயாரோகணத்துக்கு வைக்கோல் போர் ஓரமாக, நல்ல வெயிலில், ஒரு பலகை. "பனிக்காலம், அங்க உக்காருங்க, இதமா இருக்கும்" என்றேன். என் ஆயுளில் அவருக்கு நான் செய்த பெரிய உபசாரம் அதுதான். அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. சாரைக்கு விஷம் கிடையாது என்பதால் என் மனசாட்சியும் சும்மா இருந்தது.

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் மரியாதைக்குச் சொன்னதுங்க, அது" என்று ஆரம்பித்தேன். அதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காயாரோகணம் குறுக்கே வந்தார். "இது கொட்டகைங்க. இங்க யாரும் குடியில்ல. நான் தெனம் வர்றவன், மூலைமுடுக்கெல்லாம் அத்துப்படி."

பத்து மணி ஆயிற்று, சாரை வரவில்லை. பத்தேகால் ஆயிற்று. இன்றைக்கென்று பார்த்து லீவு போட்டுவிட்டதா? அப்புறம் வைக்கோல் சரசரத்தது. ஏழடி நீளம், அவருடைய செருப்பை உரசிக்கொண்டு நிதானமாக வெளியே வந்தது.

குடை ஒரு பக்கம் விழுந்தது, காயாரோகணம் ஒரு பக்கம் ஓடினார். அதிகாரியின் கால்கள் பெஞ்சின்மேல் ஏறிவிட்டன. வாய்க்கால் கரையிலிருந்து காயாரோகணத்தின் குரல் வந்தது: "வள்ளியம்மை, ஒன் வீட்டுப் பாம்பப் புடிம்மா, இந்தப் பக்கம் வருது."

"சாரைதாங்க, ஒண்ணும் செய்யாது. நாலு வருஷமா இங்கதான் இருக்கு" என்றேன்.

அதிகாரி காலை இறக்கவில்லை. ஆனால் பேனாவை எடுத்தார். "தெனம் வர்றவருக்கு நாலு வருஷமா இருக்கிற பாம்பு தெரியாதா? கொட்டகைன்னீங்க, இப்ப அந்தம்மா வீடுங்கிறீங்க?"

"பயத்துல வந்துட்டுதுங்க."

"மரியாதையில வந்ததை எழுதிக்கிட்டேன். பயத்துல வந்ததையும் எழுதிக்கிறேன்."

பிறகு பாம்பு போனதை உறுதி செய்துகொண்டு இறங்கி, வீட்டுக்குள் வந்து அடுப்பைப் பார்த்தார். கூரை மூங்கிலை விரலால் தொட்டார். விரல் கறுத்துவிட்டது. "இது இன்னைக்கு நேத்துப் புகை இல்ல" என்று அதையும் எழுதினார்.

10-2

நன்றிக்கு ஒரு முட்டையை வைக்கோல் போர் ஓரம் வைத்தேன். கீரி தூக்கிக்கொண்டு போய்விட்டது.

28-6

பட்டா வந்தது. வலங்கைமானுக்குப் போய்க் கையில் வாங்கியதும் இவர் அதிகாரியைக் கும்பிட்டு, "எல்லாம் ஐயா புண்ணியங்க" என்றார். போகட்டும், வாங்கிய பிறகுதானே சொன்னார். அந்த மட்டும் தேறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கொல்லையில் உட்கார்ந்தேன். மடைத் தண்ணீரில் கானாங்கோழி தன் நான்கு குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு போயிற்று. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சர்க்காருக்கா, தங்கையனுக்கா, மாரியம்மனுக்கா, பாம்புக்கா? எல்லாரையும் நினைத்துக்கொண்டேன். காயாரோகணத்தின் பயத்தையும்தான்.

5-8

வாய்க்கால் நிறையப் புதுத்தண்ணீர். இவர் பேராவூரணி போய் ஒரு தென்னம்பிள்ளை வாங்கி வந்தார்.

குடியிருக்கிறவர்கள் தென்னை வைக்க ஐயா விடமாட்டார். பூசணி, கத்தரி, வாழை வைக்கலாம், மிஞ்சினால் காற்றில் முறிகிற முருங்கை, பப்பாளி; எல்லாம் காய்த்து முடிந்து கிளம்பிவிடுகிற வகை. மரம் நின்றுவிட்டால் வைத்தவனும் நிற்க இடம் கேட்பான் என்று பயம். பதினாறு வருஷத்தில் இதுதான் எங்கள் முதல் தென்னை.

பாதிப் பள்ளம் வெட்டியதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "இது காய்க்க ஏழு வருஷம் ஆவும் புள்ள" என்றார்.

"ஆவட்டும். நாம எங்க போவப்போறோம்?" என்றேன்.

அவர் பள்ளத்தை இன்னும் ஒரு முழம் ஆழமாக வெட்டினார்.