செம்பருந்தியின் முகமூடி

ஆகஸ்ட் 18, ஞாயிறு

செம்பருந்திக்கு இன்று இறக்கை வரைந்து முடிந்தது. பென் டேப்லெட்டும் சூடு, என் மணிக்கட்டும் சூடு. இவள் நாங்கள் விளையாடும் கேமில் கிடையாது. அந்தக் கேமின் மேல் இருந்த பைத்தியத்தில், கல்லூரி ஹாஸ்டலில் நானும் புவனாவுமாக உண்டாக்கிய வீராங்கனை. முகமூடியைக் கழற்றவே மாட்டாள் என்பது புவனா போட்ட சட்டம். மூன்று வாரத்தில் அவளுக்குப் பொன்னமராவதியில் கல்யாணம். அதற்குள் படத்தை முடித்து, பிரேம் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

முகமூடியை ஏழு தடவை வரைந்து அழித்தாயிற்று. கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணில் புவனா இருக்க வேண்டும். வரமாட்டேன் என்கிறாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

புவனா போன் செய்தாள். குரலே சரியில்லை. "எந்நேரமும் போன்ல கேம் வெளையாண்டுக்கிட்டே இருப்பியாம்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாராம். "இல்லைங்க அத்தை, அதெல்லாம் பழக்கமே இல்ல" என்று இவள் சொல்லிவிட்டாள். "படத்த எனக்கு மட்டும் குடுடி. நான் கேம் வெளையாடுறது அங்கிட்டு ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா வாழப் போறதுக்கு முன்னாடியே பொய்க்காரியாயிருவேன்."

சத்தியம் செய்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

புதுக்கோட்டையில் நாகராசு அண்ணனின் பிளெக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது. "யாரும்மா இது, சாமியா?" என்றார். சும்மா இருந்திருக்கலாம். பெருமை தாங்கவில்லை. "என் பிரண்டு புவனேஸ்வரிண்ணே. கேம்ல அவதான் எங்க கேப்டன். ஞாயித்துக்கெழம கல்யாணம்."

"அட, மாப்பிள்ளையோட பிரண்டுங்க வைக்கிற பிளெக்ஸும் நம்மகிட்டதான் ஓடுது!"

அவர் கம்ப்யூட்டரில் ஏற்றிய படத்தை அழிக்கச் சொல்ல மறந்துவிட்டேன். பரவாயில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மண்டப வாசலில் பத்தடி உயரத்துக்கு என் செம்பருந்தி. முகமூடி இல்லை — அந்த இடத்தில் கல்யாணப் பத்திரிகையில் இருந்த புவனாவின் முகத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார் நாகராசு அண்ணன்! மேலே "கேம் கேப்டன் புவனேஸ்வரி". கீழே என் பெயர்: "அன்புத் தோழி சுபா". போன் செய்தால், "நம்ம கிஃப்டா இருக்கட்டும்மா" என்று சிரிக்கிறார்.

அவரை என்ன சொல்ல? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேனா நான்?

கழற்றுவதற்கு ஏணி தேடி ஓடினேன். அதற்குள் பெண் வீட்டுக் கார் வந்து நின்றுவிட்டது. புவனா பார்த்தாள். வரவேற்க வந்த மாமியாரும் பார்த்தார். "இது நீயாம்மா?" என்று மட்டும் அவளிடம் கேட்டார். அவள் தலைகுனிந்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். தாலி கட்டும்போது நான் கடைசி வரிசையில் இருந்தேன். பிரேம் என் மடியிலேயே இருந்தது.

செப்டம்பர் 9, திங்கள்

"மன்னிச்சுக்கடி" என்று அனுப்பினேன். படித்துவிட்டாள். பதில் இல்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்னும் இல்லை. கேமைத் திறக்கவே பயமாக இருக்கிறது. என்ன செய்துகொண்டிருப்பாள் அந்த வீட்டில்?

அக்டோபர் 13, ஞாயிறு

பிரேமைத் தூக்கிக்கொண்டு அவள் புகுந்த வீட்டுக்கே போய்விட்டேன். போ என்றால் திரும்பிவிடலாம். மாமியார்தான் எதிரே வந்தார். "பிளெக்ஸ் வச்ச புள்ளையா? வாங்க." "கேம் வெளையாண்டா வெளையாடட்டும். பொய் சொன்னதுதான் எனக்கு மனசு ஆறாம நாலு நாள் பேசாம இருந்தேன். கொல்லையில இருக்கா, போங்க."

கொல்லையில் மாட்டுக்கொட்டகை. சாரலுக்கு மறைப்பாக அந்த பிளெக்ஸைத்தான் கட்டியிருந்தார்கள். புவனா பசுவுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு வாளியைப் பசுவின் பக்கம் நகர்த்தினாள். நான் பிளெக்ஸையே பார்த்தபடி நின்றேன்.

ஒட்டியிருந்த முகத்தின் மேல் கறுப்பு மார்க்கரால் யாரோ முகமூடி வரைந்திருந்தார்கள்; ஓரம் மழையில் கரைந்திருந்தது. கண் மட்டும் தெரிந்தது.

"மழை பெஞ்சா அழிஞ்சு போகுதுடி," என்றாள் புவனா. "மூணு தடவை வரைஞ்சுட்டேன்."

கொல்லை ஜன்னலில் இருந்த மார்க்கரை எடுத்து என்னிடம் நீட்டினாள்.