மேகமலை ரோட்டை மறித்த ஞாயிறு

போடி,
6.1.2025

அன்பு மாப்பிள்ளை தங்கப்பாண்டியனுக்கு,

உன் எஸ்டேட்டுக்கு செல்போன் டவர் வருவதற்குள் நமக்குப் பேரன் பிறந்துவிடுவான். அதனால் ஏலக்காய் இறக்க வந்த ஜீப்பில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பத்தொன்பதாம் தேதி ஞாயிறு எங்கள் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் மேகமலைக்கு வருகிறது. தேயிலைக்கு நடுவே அந்தப் பெரிய வளைவில் கார்கள் வரிசையாக ஏறுவதைப் போட்டோ எடுக்க வேண்டும். எதிரே வண்டி வந்தால் ஆபத்து. நீ ஃபீல்டு ஆபீசர், உன் சொல்லுக்கு அங்கே மரியாதை. மேலே ஒரு ஆளை நிறுத்திக் கொஞ்ச நேரம் மறிக்கச் சொல். ஆஸ்பத்திரி அவசரம் என்றால் மட்டும் உடனே விடச் சொல்லிவிடு, நாங்கள் ஒதுங்கிக்கொள்கிறோம். உன்னை என் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுகிறேன். உன் வீட்டுக்காரி, என் கூடப்பிறக்காத தங்கச்சி ஹேமாவதி சுகம்தானே?

உன் மச்சான்,
செல்வின்


மேகமலை,
10.1.2025

அன்பு மச்சானுக்கு,

என் கல்யாணத்துக்கு வந்ததோடு சரி, படம் எடுக்க மட்டும் மலை ஞாபகம் வந்ததாக்கும். ஹேமாவுக்கு எட்டு மாதம் முடியப்போகிறது. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு, கடமலைக்குண்டுக்கு அழைத்துப்போக அவள் அம்மா வந்து நின்றார். "இன்னும் ரெண்டு வாரம் இவுக கூட இருந்துட்டு வாரேன் ஆத்தா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எனக்கு ஒரே பெருமை. மேலே வாட்ச்மேன் சுருளியாண்டியை நிறுத்துகிறேன். நான் சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. காரில் ஏற்றுவதை மறந்துவிடாதே.

தங்கப்பாண்டியன்


போடி,
3.2.2025

மாப்பிள்ளை,

எத்தனையோ தடவை வந்துவிட்டேன், நீ கதவைத் திறக்கவில்லை. தங்கச்சிக்கு உதிரம் போகத் தொடங்கி ஜீப்பில் ஏற்றியபோது, நாம் கீழே அதே வளைவில் மறுபடி மறுபடி ஏறிக்கொண்டிருந்தோம். எல்லாப் படத்திலும் என் பக்கத்தில் நீ சிரிக்கிறாய். பார்க்க முடியவில்லை. சுருளியாண்டி ஜீப்பை விடாமல், உன்னிடம் கேட்கக் கீழே ஓடிவந்தாரே, ஏன்? அவசரம் என்றால் விடலாம் என்று அவரிடம் சொன்னாய்தானே? உன்மேல் குற்றம் சொல்லவில்லை. மறிக்கக் கேட்டவன் நான். கிளப்பைக் கலைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடமலைக்குண்டு போய், தங்கச்சி காலில் விழுந்து நடந்ததை எல்லாம் சொல்லப்போகிறேன்.

செல்வின்


மேகமலை,
6.2.2025

செல்வினுக்கு,

போகாதே.

சுருளியாண்டியிடம் நான் சொன்னது இதுதான்: "எவன் வந்து என்ன சொன்னாலும், நான் வார வரைக்கும் ஒரு வண்டி நகரக்கூடாது." அவசரம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தால் ஆளாளுக்கு அவசரம் என்பார்கள், உன் சிநேகிதர்கள் முன்னால் என் பேச்சு எடுபடாமல் போய்விடும் என்று நினைத்தேன். என்னைக் காட்டிக்கொடுக்கப் பயந்து அவர் ஹேமாவிடம், "கார்க்காரக விடக்கூடாதுன்னுட்டாகம்மா" என்று சொல்லியிருக்கிறார்.

பிள்ளையைக் கொன்றது நீதான் என்று அவள் நம்புகிறாள். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளோட இனிப் பேசாதீக" என்று அழுதாள். பேசமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். பிள்ளை போய்விட்டது. அவளாவது எனக்கு வேண்டும்.

நீ நல்லவன். அவள் எதிரே நின்றால், என்னைக் காப்பாற்றக்கூட உனக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்தப் பக்கம் போகாதே. இனி எனக்கும் எழுதாதே.

தங்கப்பாண்டியன்