சென்னாக்குன்னி தானாக விழவில்லை

கடலூர் முதுநகர்
கார்த்திகை 20

என் செல்ல மகள் பிரிசில்லாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அந்த பெல்ஜியம் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் நல்ல சேதி. உன் அண்ணன் மகன் செம்பியனுக்கு சிப்காட் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, நம் தெருவில் முதல் பர்மனென்ட் அவன்தான். அவன் தங்கை இளவரசி நர்சிங்கில் காலேஜுக்கே இரண்டாவது, முதலாவது வந்தவளைவிட நாலே மார்க்தான் குறைச்சல், அதையும் சேர்த்தேதான் எல்லோரிடமும் சொல்கிறேன். நீ நம் வீட்டுச் சாப்பாட்டை வைத்து ஒரு படக்கதைப் புத்தகமே வரைந்திருப்பதை மீன் மார்க்கெட் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

பெருமை அதோடு நிற்கட்டும், கோபத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய பக்கங்களை இளவரசி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். அஞ்சாவதோடு நின்றவள்தான் நான், படம் பார்க்க அது போதும். முதலில் அனுப்பியதில், கத்திரிக்காய் கொத்சில் நான் என் கையால் சென்னாக்குன்னியைப் போடுகிறேன். இப்போது மாற்றி அனுப்பியதில் பரணிலிருந்து டப்பா உருண்டு தானாகச் சட்டியில் கொட்டுகிறது, நான் வாயில் கை வைத்துக்கொண்டு முழிக்கிறேன். யார் வேலை என்று தெரியும். உன் சேது மாமா சிதம்பரத்திலிருந்து எனக்கும் போன் போட்டார். சாமிக்குப் படைக்கிற கொத்சுல கருவாட்டுப் பொடியப் போட்டத உன் பொண்ணு ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டணுமா சிவகாமு, அந்தப் பக்கம் புத்தகத்துல வந்துதுன்னா திருவாதிரைக்கு எங்க வீட்டுக் களிக்கு நீ வராதே என்றார். சென்னாக்குன்னி நகத்துண்டு அளவு காய்ந்த இறால், பொடி இல்லை என்பதுகூட அவருக்குத் தெரியாது, தீர்ப்பு மட்டும் சொல்கிறார். நீயும் பயந்து, தவறி விழுந்ததாகப் போடுகிறேன், அம்மா, உன் பெயரையும் மாற்றிவிடுகிறேன் என்கிறாய்.

நடந்ததைக் கேள். கல்யாணமான முதல் வருஷம், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவள் என்று உன் ஜெயராணி ஆயா எனக்காகத் தனிச் சட்டி வாங்கி, புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். மீன்குழம்பு வாடை எனக்கு ஆகாதென்று அவர் மட்டும் கொல்லையில் துணி துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து சாப்பிடுவார். சொந்த வீட்டில், மாமியார். ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டேன். அப்போது அடுப்பில் கொத்சு கொதித்துக்கொண்டிருந்தது. டப்பாவைத் திறந்து ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டு, உள்ள வாங்க அத்தே, சேந்து சாப்பிடலாம் என்றேன். மண்ணைப் புடைத்து, வறுத்துப் போட வேண்டும் என்று சிதம்பரத்தாளுக்கு எங்கே தெரியும்? எல்லோர் வாயிலும் நறநற. உன் ஆயா சிரித்துப் புரையேறி, ஏம்மே, உப்பனாத்து மணலையே கொண்ணாந்து கொட்டிட்டியே என்றார். அன்றோடு கொல்லைக் கல்லில் துணி துவைப்பது மட்டும்தான்.

மண் புடைக்காதது என் தப்பு, அதை வரை, பார்க்கிறவர்கள் நன்றாகச் சிரிக்கட்டும். போட்டது தப்பில்லை. டப்பாதான் உருண்டது என்றால் உன் ஆயாவை உள்ளே கூப்பிட்டது யார், டப்பாவா? பெயரும் சிவகாமு என்றே இருக்கட்டும். மாமாவிடம் சொல்லிவிட்டேன், அண்ணா, களி எனக்கும் கிண்டத் தெரியும், நடராஜர் தேர் உங்க வீட்டுக் கூடத்துல ஓடல, தெருவுலதான் வருது, தெருவுல நின்னு பாத்துக்கறேன் என்று. போனை வைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் வீட்டுக் களி எனக்குத் தவறியதில்லை, மனசு வலிக்கத்தான் செய்கிறது. அதற்காக நான் செய்ததை டப்பா செய்தது என்று சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே.

பழைய பக்கத்தையே அச்சுக்குக் கொடு, தள்ளிப் போடாதே. வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. நடராஜரும் ஆரோக்கிய மாதாவும் உன் கைக்குத் துணை இருக்கட்டும். புது போட்டோ ஒன்று வேண்டும், போனில் வேண்டாம், தாளில் போட்டுத் தபாலில் அனுப்பு. முன் ரூமில் மாட்டியிருப்பதில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாய். நிமிர்ந்து நின்று எடு.

உன் அம்மா,
அ. சிவகாமு