தனபாலுக்கு இன்னும் திறக்கிற கதவு

ஜூன் 9, திங்கள்

காற்று. திருப்பூரை ஒட்டிய எங்கள் நெருப்பெரிச்சல் ஊர் முழுக்கத் தூசி. கம்பெனி வாசலில் வைத்திருந்த பனியன் வேஸ்ட் மூட்டை ஒன்று பறந்துபோய் இந்நேரம் இலங்கையில் இறங்கியிருக்கும். பிரிண்டருக்கு மை சொல்லி ஒரு வாரம். வரவில்லை. மைக்காரன் விளங்கமாட்டான்.

காலையிலேயே மருமகன் கதிர்வேல், நம்மிடம் துணி வாங்குகிற பையர் ஆபீசிலிருந்து அனல் கக்கிக்கொண்டு வந்தான். அக்கா மகன், முதலாளி. நான் அவனுடைய கம்ப்யூட்டர் துறைக்கு மந்திரி, சேனாதிபதி, கூட்டிப் பெருக்குகிறவன். பங்காளி தனபாலின் சாம்பிள் அங்கே மேசைமேல் கிடந்ததாம். குழந்தைகள் டி-ஷர்ட். நம் பச்சைக் கிளி. நாம் இன்னும் தைக்கவே தொடங்காத கிளி. போன வருஷம் பாகம் பிரிந்து அனுப்பர்பாளையத்தில் தனிக் கம்பெனி போட்ட அந்த மகாத்மாவிடம் எப்படிப் போனது?

மருமகனுக்கு யோசிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கிளி டிசைனைப் பார்த்துக்கொள்வது மெர்ச்சண்டைசர் எஸ்தர். ஆகவே எஸ்தர்.

"நான் குடுக்கலீங்க சார்."

"அப்பறம் கிளி தானாப் பறந்து போச்சா?"

"அந்த சாம்பிளை என்ற கண்ணுல காட்டுங்க சார். பாத்துட்டுச் சொல்றனுங்க."

"நீ ஊட்டுக்குப் போ. சனிக்கிழமைக்குள்ள ஒத்துக்கோணும். இல்லீன்னா ஊருக்கே சொல்லிப்போடுவேன். திருப்பூர்ல ஒரு கம்பெனி கேட்டுக்குள்ள நீ கால் வெக்க முடியாது."

அழவில்லை. பையை எடுத்தாள், போனாள். நானும் அங்கேதான் நின்றேன்.

செக்கிங் டேபிள் பக்கம் காதில் விழுந்தது:

"சர்ச்சுக்குப் போற புள்ளடி. பொய் சொல்லாது."

"ஏன், நாம கோயிலுக்குப் போறதில்லையா? சொல்றதில்லையா?"

ஜூன் 10, செவ்வாய்

சாரல். முட்டி வலி. மை வரவில்லை.

மருமகனிடம் கேட்டேன்: தனபால் கிளியை எங்கே அச்சடித்திருக்கிறான்?

"முதுகுலங்க மாமா. அதுக்கென்ன?"

அதுக்கென்னவா! ஃபைலில் கிளி முதுகில்தான். ஆனால் ஃபைல் வந்த அன்றைக்கே, போன வெள்ளி, பையர் எஸ்தருக்குப் போன் போட்டு, முன்பக்கம் வேண்டும் என்றான். எஸ்தர் பிரிண்டிங் மாஸ்டரிடம் போட்ட சண்டை பல்லடம் வரை கேட்டது. ஃபைலை மட்டும் இன்னும் திருத்தவில்லை. அவள் கொடுத்திருந்தால் கிளி நெஞ்சில் இருக்கும். முதுகில் இருக்கிறது என்றால், எவனோ நேராக ஃபைலைத் திறந்து பார்த்திருக்கிறான்.

சொன்னேன். மருமகன் திருவாய் மலர்ந்தது: "அது அவ தந்திரமுங்க மாமா."

இவன் மூளையைக் கழற்றி எடை போட்டால் தராசுக்கே அவமானம்.

ஜூன் 11, புதன்

பிடித்தேன்! எந்த ஃபைலை யார் திறந்தார்கள் என்பது சிஸ்டத்தில் பதிந்திருக்கும். கிளியைத் திறந்தது தனபால். ஒளிவுமறைவு இல்லை. சொந்தப் பெயர், சொந்த மெயில், ராஜநடை.

நடந்தது இது. பார்ட்னராக இருந்த காலத்தில் டிசைன் எல்லாம் வைத்திருந்த இணையக் கிடங்கின் பெயர் 'செல்லாண்டி'. குலதெய்வம். அந்தப் பெயர் வைத்த கையோடு பெரிய ஆர்டர் வந்ததால் ராசியான பெயர். பாகம் பிரிந்தபோது கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரன் வந்து கிடங்கை அழித்தான். "சுத்தமாத் தொடைச்சாச்சுங்க" என்றான். காப்பி குடித்தான். ஏப்பம் விட்டான். போனான். அழித்தது கிடங்கை மட்டும். கிடங்குக்குள் யார் யார் வரலாம் என்ற அனுமதி தனியாக வேறொரு இடத்தில் இருக்கிறது. அதை அந்தச் சண்டாளன் தொடவில்லை. வீட்டை இடித்தாயிற்று, சாவியை வாங்கவில்லை.

அதோடு நின்றிருந்தாலும் கேடில்லை. திறக்க வீடே இல்லை. புதுக் கிடங்குக்கு 'நியூ ஸ்டோர்' என்று பெயர் வைத்தோம். ஆர்டர் மந்தம். ரெண்டு மாசம் முன்னால் மருமகன் வந்து, "பேரு ராசியில்லீங்க மாமா. அழிச்சுப்போட்டு செல்லாண்டின்னே புதுசா ஒண்ணு போடுங்க" என்றான். போட்டேன். பழைய அனுமதி பார்ப்பது பெயரை மட்டும். செல்லாண்டியா? தனபாலா? உள்ளே வாருங்கள். குலதெய்வம் பங்காளிகள் ரெண்டு பேருக்கும் பொதுதானே என்று கம்ப்யூட்டரே தீர்ப்பு எழுதிவிட்டது!

கோயம்புத்தூரானுக்குப் போன்.

"அழிக்கச் சொன்னீங்க, அழிச்சனுங்க. அனுமதிய எடுக்கச் சொல்லலீங்களே."

இவனைக் குளிக்கச் சொன்னால், துவட்டச் சொல்லவில்லையே என்று ஈரத்தோடு கல்யாணத்துக்கு வருவான்.

துருவியதில் இன்னும் கிடைத்தவை:
- மூடிப்போன மங்கலம் குடோனுக்கு வாட்ச்மேன். குடோன் இல்லை, அனுமதி இருக்கிறது.
- விற்றுவிட்ட ஸ்கேனருக்கு நாலு பேர்.
- காலமான கணக்கருக்கு முழு அதிகாரம். மேலோகத்தில் இருந்தபடியே இன்வாய்ஸ் போடலாம்.

ஜூன் 12, வியாழன்

மருமகனைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். எஸ்தர் வீட்டுக்கு ஓடுவான் என்று நினைத்தேன். சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பாட்டிலில் அடைத்தால் சாயப் பட்டறைக்காரன்கூட வாங்க மாட்டான்.

"இதை அழிக்காதீங்க மாமா. அப்படியே இருக்கட்டும். உள்ள தப்பு ரேட்டாப் போட்டு வைங்க. அதைப் பாத்து அவன் பையருக்கு வெலை கோட் பண்ணிக் கெட்டுக் குட்டிச்சுவராப் போகட்டும்."

"எஸ்தரு?"

"அவ வந்தா அவனுக்கு சந்தேகம் வந்துருமுங்க. கொஞ்ச நாளைக்கு அவளே திருடியா இருந்துட்டுப் போகட்டும்."

"கண்ணு, அது ஒரு புள்ளையோட பேரு."

"பேரை அப்பறம் சரி பண்ணிக்கலாங்க மாமா."

சரி சாமி என்றேன். என் அறைக்கு வந்தேன். கதவைத் தாழிட்டேன். தனபால், அழி. வாட்ச்மேன், அழி. ஸ்கேனர்க் கும்பல், அழி. கணக்கருக்கு மட்டும் எழுந்து நின்று ஒரு கும்பிடு, பிறகு அழி. உலகத்துப் படைகள் எல்லாம் சேர்ந்து பிடித்த கோட்டைகள் ஒரு பக்கம், என் ஆள்காட்டி விரல் ஒரு பக்கம். தனபால் கிளியைத் திறந்த பதிவைப் படம் பிடித்து எஸ்தர் போனுக்கு அனுப்பினேன். படித்தாள்.

ஜூன் 13, வெள்ளி

மை வந்தது. வேறு நிறம்.

மருமகனுக்குத் தெரிந்துவிட்டது. கூரைத் தகரம் எழும்பி உட்கார்ந்தது.

"யாரைக் கேட்டு அழிச்சீங்க? மாமனாச்சேன்னு பாக்கறேன்!"

"பாக்காதே. கண்ணை மூடிக்க. திருடனுக்குக் கதவைத் திறந்து வெச்சுட்டுத் திருடாத புள்ளைய வெளிய தள்ளுனவன் நீ."

"என்ற கம்பெனிங்க இது."

"கம்பெனி உன்றது. அந்தப் புள்ள பேரு உன்றதில்ல."

நம் கதவு திறந்து கிடந்ததைக் காட்டும் அந்தப் பதிவு பையர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று மெதுவாகக் கேட்டேன். முகம் வெந்த கத்தரிக்காய். எஸ்தருக்குப் போன் போட்டு வரச் சொன்னான்.

பிறகு அக்கா போன். "என்ற பையனை என்னடா பண்ணுனே? மத்தியானம் சோறே திங்கல."

"நல்லதுதான், விடு" என்றேன். வைத்துவிட்டாள். தீபாவளிக்கு முறுக்கு வராது.

ஜூன் 14, சனி

வெயில், காற்று ரெண்டும். எஸ்தர் வந்தாள். உட்காரவில்லை.

மருமகன் தேனாக உருகினான். "தப்பா நெனச்சுப்போட்டேன் கண்ணு. மனசுல வெச்சுக்காத. திங்கக்கிழமை வந்துரு."

"வேலைக்கு வரலீங்க சார். என்ற பேரு இங்க எங்கெங்க இருக்குதோ அத்தனையும் எடுத்துப்போடோணும். நான் நின்னு பாக்கோணும். நாளைக்கு இன்னொரு கிளி பறந்துச்சுன்னா என்னையத் தேடக்கூடாது."

"அதெல்லாம் மாமா அப்பறமா எடுத்துருவாரு."

"அப்பறமாங்கறதுலதானுங்க சார் தனபால் இத்தன நாளா இருந்தாரு."

மருமகன் கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினான்.

எஸ்தர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். சாம்பிள் அனுமதியில் அவள் பெயர், எடுத்தேன். காஸ்டிங், எடுத்தேன். பையர் மெயில், செல்லாண்டி. ஒவ்வொன்றையும் தானே படித்துப் பார்த்துத் தலையாட்டினாள். ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகலாமே என்றேன்.

"வேண்டாமுங்க."

"என்ற மேலயுமா கோவம்?"

"திங்கக்கிழமை நீங்களும் அங்கதானுங்க நின்னீங்க."

கீபோர்டுப் பக்கம் திரும்பினேன். எஸ்தர் என்று அடித்துத் தேடினேன். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றது சிஸ்டம்.

"இன்னொருக்காத் தேடுங்க சார்."

தேடினேன். இல்லை.